ஆடிஷன் ரூம்ல இருந்து இருட்டு ஹால் வரைக்கும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, நடிக்க வர்றவங்க கேள்வி அனுப்புங்கன்னு ஒரு வரி போட்டிருந்தோம். வந்து குவிஞ்சத எல்லாம் உக்காந்து படிச்சேன், சில கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். பதினெட்டு வருஷமா ஆடிஷன் போய்க்கிட்டு, குறும்படம், இன்டிபென்டென்ட் படம், சின்னச் சின்ன ரோல்னு பண்ணிக்கிட்டு இருக்கேன், போன மாசம்கூட நம்பர் சீட்டு வாங்கிட்டு வெளில உக்காந்திருந்தேன், அந்த இடத்துல இருந்துதான் பதில் சொல்றேன். நிறைய பேர் ஒரே விஷயத்த கேட்டிருக்கறதால சேத்து எழுதியிருக்கேன், பேர் யாருதும் போடல.

கேள்வி: அக்கா, ஒண்ணரை வருஷத்துல 23 ஆடிஷன் போய்ட்டேன். எல்லா இடத்துலயும் "சொல்லி அனுப்புறோம்"னு சொல்றாங்க, ஒரு இடத்துல இருந்துகூட ரெண்டாவது ரவுண்டுக்கு கூப்பிடல. எனக்கு நடிப்பு வரலன்னு ஒத்துக்கிட்டு விட்டுடலாமா?

பதில்: தம்பி, ஒண்ணு கேக்குறேன், இந்த 23 ஆடிஷன்லயும் உங்களுக்கு எதிர்ல உக்காந்து மத்த கேரக்டரோட டயலாக்க படிச்சாங்களே, அவங்கள்ல ஒருத்தர் முகமாவது ஞாபகம் இருக்கா?

ஏன் கேக்குறேன்னா எனக்கு நடந்தது இது. ஆரம்பிச்சு ரெண்டு மூணு வருஷம் இருக்கும், அக்கா தங்கச்சி சீன் ஒண்ணு குடுத்திருந்தாங்க, ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணி எந்த வார்த்தைல கண்ணு கலங்கணும்னு வரைக்கும் முடிவு பண்ணி வச்சிருந்தேன். ரூம்ல தரையில டேப் ஒட்டி ஒரு எக்ஸ், அது மேல நிக்கணும், கேமராவுக்குப் பக்கத்துல ஸ்டூல்ல ஒரு பொண்ணு பேப்பர பாத்து படிக்குது, காலைல இருந்து நாப்பது பேருக்குப் படிச்ச களைப்பு குரல்லயே தெரியுது. ஸ்கிரிப்ட்ல அக்கா சொல்ற வரி "நீ கெளம்பு". அந்தப் பொண்ணு அசதில "நீ கெளம்பாத"ன்னு படிச்சிருச்சு. நான் என்ன பண்ணேன்? அழுதுகிட்டே, ப்ராக்டிஸ் பண்ண அதே எடத்துல கண்ணு கலங்கி, "சரி, நான் கெளம்புறேன்"னு சொன்னேன். மானிட்டர பாத்துட்டு இருந்தவர் தலைய தூக்கி ஒரு தடவ பாத்தாரு, தேங்க்ஸ்னாரு, அவ்ளோதான். படி இறங்கி வர்றப்போ பாதி படியிலதான் எனக்கு உறைச்சுது. அந்தப் பொண்ணு மாத்தி படிச்சது சின்னத் தப்பு, ஆனா அந்த ஒரு வார்த்தைய நான் காதுல வாங்கியிருந்தா, போக வேணாம்னு சொல்ற அக்காவ விட்டுட்டுப் போற தங்கச்சியா அந்த சீன் அங்கயே வேறயா ஆகியிருக்கும். அவ பேசறத நான் காது குடுத்து கேக்கவே இல்ல, என் முறை எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம்தான் நான் மைஸ்னர் பயிற்சி பக்கம் போனேன். சான்ஃபோர்ட் மைஸ்னர்னு நியூயார்க்ல நெய்பர்ஹுட் ப்ளேஹவுஸ்ல 1930கள்ல இருந்து பல வருஷம் நடிப்பு சொல்லிக் குடுத்தவரு. அவரோட பயிற்சி பாக்க ரொம்ப சாதாரணமா இருக்கும், ரெண்டு பேர் எதிரெதிர்ல உக்காருவாங்க, ஒருத்தர் கண்ணுக்குத் தெரியறத சொல்வாரு, "நீ கைய பிசைஞ்சுகிட்டு இருக்க", மத்தவர் "நான் கைய பிசைஞ்சுகிட்டு இருக்கேன்"னு திருப்பிச் சொல்வாரு, அதையே மாத்தி மாத்தி சொல்லிக்கிட்டே போகணும். கொஞ்ச நேரத்துல வார்த்தை அதேதான் இருக்கும், ஆனா எதிராளி குரல்ல வர்ற சின்ன எரிச்சல், சிரிப்பு, தயக்கம் எல்லாம் உங்களுக்குள்ள வந்து உங்க பதில மாத்த ஆரம்பிக்கும். ஒரு ஃப்ரெண்ட பிடிச்சு தினம் பத்து நிமிஷம் இத பண்ணுங்க, ஒரு மாசம் கழிச்சு ஆடிஷன் போங்க, வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு, செலக்ட் ஆகலன்னா நடிப்பு வரலன்னு எடுத்துக்காதீங்க. சத்யஜித் ரே பதேர் பாஞ்சாலிக்கு அப்பு ரோலுக்காக 5லிருந்து 7 வயசுக்குள்ள பையன் வேணும்னு பேப்பர்ல விளம்பரம் குடுத்தாரு, நிறைய பசங்க வந்தாங்க, ஒருத்தரும் அவர் மனசுல இருந்த அப்புவா இல்ல, கடைசியில அவர் மனைவி பிஜோயா அக்கம்பக்கத்துல விளையாடிட்டு இருந்த ஒரு பையன பாத்து சொன்னாங்க, அவன்தான் அப்பு. வந்து திரும்பிப் போன அத்தன பசங்களும் மோசமா நடிச்சாங்கன்னு யாராவது சொல்ல முடியுமா? அம்மாவா நடிக்கிறவங்களுக்கும் உங்களுக்கும் ஜாடை பொருந்தல, ஹீரோவ விட உயரமா இருக்கீங்க, இந்த மாதிரி காரணத்துக்கு நீங்க ஒண்ணுமே பண்ண முடியாது.

ஆனா தம்பி, உண்மையையும் சொல்லணும்ல, 23ல ஒரு தடவகூட ரெண்டாவது ரவுண்டு வரலன்னா ஏதோ ஒண்ண மாத்தணும். நீங்க அனுப்புற போட்டோ இப்ப இருக்குற முகம் மாதிரி இருக்கா? போட்டோல தாடியோட முப்பது வயசு ஆளா இருந்துட்டு நேர்ல மழுமழுன்னு காலேஜ் பையனா போய் நின்னா அங்கயே முடிஞ்சுரும். உங்க வயசுக்கும் தோற்றத்துக்கும் பொருந்துற ரோலுக்குத்தான் போறீங்களா? ஒரு ஆடிஷன் சீன அப்படியே ரெக்கார்ட் பண்ணி, உங்க மேல பாசம் இல்லாத ஆனா நடிப்பு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டுங்க. விடுறதா வேணாமாங்கறத அதுக்கப்புறம் யோசிக்கலாம்.

கேள்வி: எல்லாரும் இப்ப செல்ஃப் டேப், அதாவது நாமளே நடிச்சு வீடியோ எடுத்து அனுப்புற ஆடிஷன்தான் கேக்குறாங்க. இதுக்குன்னு கேமரா வாங்கணுமா மேடம்? எதிர்ல படிக்க ஆள் இல்லாததால மத்தவங்க டயலாக்க நானே ரெக்கார்ட் பண்ணி ஓட விட்டு நடிக்கிறேன், தப்பா?

பதில்: கேமரா வேணாங்க, இருக்குற மொபைல் போதும், படுக்க வசத்துல வச்சு, லென்ஸ் உங்க கண்ணு உயரத்துல இருக்கணும், நெஞ்சுல இருந்து தலைக்கு மேல கொஞ்சம் எடம் வர்ற மாதிரி ஃப்ரேம், பின்னாடி ஒண்ணும் மாட்டாத சுவரு, வெளிச்சம் முன்னாடி இருந்து. ஜன்னலுக்கு முதுக காட்டி நின்னுட்டு முகம் இருட்டா வருதுன்னு எழுதியிருக்குறவங்க மட்டும் நாலு பேரு, திரும்பி நில்லுங்க, அவ்ளோதான். படம் சுமாரா இருந்தாக்கூட பாப்பாங்க, சத்தம் கேக்கலன்னா மூடிருவாங்க, அதனால ஃபேன ஆஃப் பண்ணுங்க. படிக்கிறவங்க மொபைலுக்குப் பக்கத்துல இருக்கறதால அவங்க குரல் உங்க குரல விட பெருசா பதிவாகும், மெதுவா பேச சொல்லுங்க. அவங்க லென்ஸ ஒட்டி நிக்கட்டும், ஒரு அடி தள்ளிப் போனாக்கூட உங்க கண்ணு எங்கயோ பாக்குற மாதிரி ஆயிரும்.

ரெக்கார்ட் பண்ணி ஓட விடறது வேணாம்னுதான் சொல்வேன். அதுல நீங்க எவ்ளோ கேப் விட்டிருக்கீங்களோ அதுக்குள்ள உங்க உணர்ச்சிய அடைக்கணும், அதோட அடுத்த வரி எப்படி வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்ச ஒண்ண புதுசா கேக்குற மாதிரி நடிக்கிறது தேர்ந்தவங்களுக்கே கஷ்டம். வீடியோ கால்ல ஒரு ஃப்ரெண்ட உக்கார வைங்க, பதிலுக்கு நீங்க அவங்க டேப்புக்குப் படிங்க. படிக்கிறவங்க வேலைய சின்னதா நினைக்காதீங்க, ஹாரிசன் ஃபோர்ட் ஸ்டார் வார்ஸ் ஆடிஷன்ல மத்த நடிகர்களுக்கு டயலாக் படிக்க வந்து உக்காந்தவருதான், அப்புறம் ஹான் சோலோங்கற முக்கியமான ரோலே அவருக்கு வந்துச்சு. அது நடக்கும்னு சொல்ல வரல, ஒரே சீன பத்து பேர் பத்து விதமா பண்றத பக்கத்துல இருந்து பாக்குற பாடம் வேற எங்கயும் கிடைக்காது.

ராத்திரி பத்து மணிக்கு இருபது பக்கம் அனுப்பி காலைல டேப் வேணும்னு கேட்டா டைம் கேளுங்க, மரியாதையா கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அமெரிக்க நடிகர் சங்கம் சாக் ஆஃப்ட்ரா 2023ல 118 நாள் ஸ்டிரைக் பண்ணி போட்ட ஒப்பந்தத்துல இதுவும் இருக்கு, செல்ஃப் டேப்புக்கு குறைஞ்சது 48 மணி நேரம் குடுக்கணும், முதல் டேப்புக்கு 8 பக்கத்துக்கு மேல கேக்கக்கூடாதுன்னு. அந்த விதி நமக்குப் பொருந்தாம போகலாம், ஆனா நீங்க கேக்குறது அநியாயமான ஒண்ணு இல்லன்னு தெரிஞ்சுக்கறதுக்காக சொல்றேன்.

கேள்வி: நடிச்சு முடிச்சதும் "வேற மாதிரி பண்ணுங்க"ன்னாங்க. அப்ப முதல்ல பண்ணது பிடிக்கலன்னுதானே அர்த்தம்? அதுலயே பதறி ரெண்டாவது சொதப்பிட்டேன்.

பதில்: இல்லப்பா, பெரும்பாலும் நல்ல அறிகுறி அது. பிடிக்கலன்னா அடுத்த ஆள கூப்பிட்டிருப்பாங்க. சொன்னத கேட்டு மாத்திக்கிற ஆளா, செட்ல இவர வச்சு வேலை செய்ய முடியுமான்னு பாக்குறாங்க. அவங்க சொன்னது புரியலன்னா "கோவத்த உள்ள அடக்கிக்கிட்டு பண்ணட்டுமா சார்?"னு ஒரு தடவ கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டு, மூச்ச விட்டுட்டு, முதல்ல பண்ணத சுத்தமா தூக்கிப் போட்டுட்டு பண்ணுங்க. அதையே கொஞ்சம் சத்தமா பண்றது மாத்தறது ஆகாது.

கேள்வி: காஸ்டிங் ஆளுன்னு ஒருத்தர் போட்டோ பிடிச்சிருக்குன்னு மெசேஜ் பண்ணாரு, ஹோட்டல் ரூம்ல டைரக்டர் இருக்காரு, தனியா வாங்க, ரிஜிஸ்ட்ரேஷனுக்கு பணமும் கட்டணும்னு சொல்றாரு. போகலன்னா வாய்ப்பு போயிருமோன்னு பயமா இருக்குக்கா.

பதில்: போகாதம்மா. இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. ஆடிஷனுக்கு காசு கேக்குறவங்ககிட்ட உனக்கான வேலை இல்ல, உன் காசுதான் அவங்க வேலையே. அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலத்துல ஆடிஷனுக்குப் பணம் வாங்கறதே சட்டப்படி குத்தம், எவ்ளோ பேர் ஏமாந்திருந்தா அதுக்குன்னு சட்டம் போட்டிருப்பாங்கன்னு நினைச்சுப் பாரு. அதே மாதிரி ஹோட்டல் ரூம், வீடு இந்த மாதிரி தனி எடத்துல ஆடிஷனோ மீட்டிங்கோ வைக்கிறத நிறுத்தணும்னு மேல சொன்ன அதே சங்கம் 2018ல வெளிப்படையா கேட்டுச்சு, வேற வழியே இல்லன்னா கூட ஒரு ஆள அழைச்சிட்டுப் போகணும்னும் சொல்லுச்சு.

நீ அவருக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பு, கம்பெனி பேரு, படத்தோட பேரு, ஆஃபீஸ் அட்ரஸ் குடுங்க, நான் கூட ஒருத்தர அழைச்சிட்டு பகல்ல வர்றேன்னு. நிஜமான ஆளா இருந்தா உடனே சரிம்பாங்க. கோவப்பட்டா, அவசரப்படுத்தினா, "இப்டி பயந்தா சினிமாவுக்கு வரக்கூடாது"ன்னு பேசினா பிளாக் பண்ணு, பண்றதுக்கு முன்னாடி மெசேஜ் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்க, வீட்ல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட காட்டு. போகாததால உனக்குப் போன வாய்ப்புன்னு ஒண்ணு கிடையாதும்மா. இந்தக் கடிதத்த எழுதுனியே, அதுக்கே எனக்கு சந்தோஷம், எழுதாம போறவங்கள நினைச்சாத்தான் எனக்கு தூக்கம் வரல.

கேள்வி: நான் நடிச்ச முதல் இன்டிபென்டென்ட் படம் ஒரு சின்ன ஹால்ல போட்டாங்க, முப்பது பேர் இருந்திருப்பாங்க. நான் அழற சீன்ல பின்வரிசைல சிரிச்சாங்க. ரெண்டு நாள் கஷ்டப்பட்டு நடிச்ச இன்னொரு சீன் படத்துலயே இல்ல. பாதியில எந்திரிச்சு வெளிய போய்ட்டேன். இனிமே ஸ்க்ரீனிங் பக்கமே போக வேணாம்னு தோணுது.

பதில்: அந்த வலி எனக்குத் தெரியும், பெரிய ஸ்க்ரீன்ல நம்ம முகத்த முதல் தடவ பாக்குறதே ஒரு அடி மாதிரி இருக்கும், அதுல சிரிப்பு வேற. ஆனா நீங்க வெளிய போயிருக்கக்கூடாதுங்க, பாதிக்கு மேல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல, அழுத சீனுக்கு சிரிச்சவங்க கடைசில அமைதியா உக்காந்திருந்தாங்களா இல்லையான்னு தெரியாம போச்சே.

என் முதல் ஸ்க்ரீனிங்ல நான் கண்டுபிடிச்சது இது. க்ளோசப்ல ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி என் தோள்பட்டை லேசா மேல ஏறி இறங்குது, பேசப் போறேன் பேசப் போறேன்னு அறிவிப்பு குடுக்குற மாதிரி. ஷூட்டிங்ல கையளவு மானிட்டர்ல யாருக்கும் அது தெரியல, ஸ்க்ரீன்ல என் தோளே ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பி எழும்பி விழுது. எதிர்ல இருக்கவர் பேசி முடிக்கிறதுக்குள்ளயே நான் மூச்சு இழுத்து ரெடியாகிட்டேன்னு அந்தத் தோள் காட்டிக் குடுத்துருச்சு. மறுபடியும் அதே வியாதிதான், கேக்காம காத்துக்கிட்டு இருக்குறது. எந்த டீச்சரும் சொல்லாதத அந்த ஹால் சொல்லுச்சு. அதனாலதான் என் படம் எங்க போட்டாலும் போறேன், ஸ்க்ரீன பாக்காம ஓரமா உக்காந்து ஹால கேக்குறேன், எந்த எடத்துல இருமுறாங்க, எங்க நாற்காலி கிறீச்சிடுது, எங்க மொபைல் வெளிச்சம் வருது, எங்க மூச்சு சத்தம்கூட இல்ல.

சிரிப்புக்கு வருவோம். அது உங்க நடிப்புக்கான சிரிப்புன்னு எப்படி முடிவு பண்ணீங்க? குலெஷோவ்னு ரஷ்ய இயக்குநர், சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணாரு, மொஸ்ஜுகின்ங்கற நடிகரோட ஒரே முகத்த ஒரு தட்டு சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பொண்ணு, இதுங்களோட மாத்தி மாத்தி ஒட்டிக் காட்டினாரு, பாத்தவங்க முகத்துல பசி தெரியுது துக்கம் தெரியுதுன்னாங்க, முகம் மாறவே இல்ல. உங்க அழுகைக்கு முன்னாடி எந்த ஷாட் வந்துச்சு, மியூசிக் எங்க ஆரம்பிச்சுது, அதெல்லாம் உங்க கையில இல்ல. எடிட்டர்கிட்ட தணிஞ்ச குரல்ல கேட்டுப் பாருங்க, குறை சொல்ற மாதிரி இல்லாம. வெட்டுன சீனும் அப்டித்தான், நல்லா நடிச்ச சீனே கதைய நிறுத்துதுன்னா போயிரும், அதுக்கு சம்பந்தப்பட்டவங்க மேல மனக்கசப்பு வளத்துக்காதீங்க.

ஜான் கசாவெட்டிஸ்னு ஒரு நடிகர், தன்னோட நடிப்பு வொர்க்‌ஷாப் ஆளுங்கள வச்சு ஷேடோஸ்னு படம் எடுத்தாரு. 1958ல நியூயார்க்ல பாரிஸ் தியேட்டர்ல ராத்திரி இலவசமா போட்டுக் காட்டினாரு, வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் பிடிக்கல. அவரு 1959ல நிறைய சீன திரும்ப எடுத்தாரு, திரும்ப வெட்டினாரு, அந்தப் புது வடிவம் 1960ல வெனிஸ் திரைப்பட விழாவுல விமர்சகர்கள் விருது வாங்குச்சு. அந்த ராத்திரி ஹால்ல என்ன நடந்துச்சுன்னு அவர் கவனிச்சதாலதான் எத மாத்தணும்னு தெரிஞ்சுது. அடுத்த ஷோ எப்பன்னு உங்க டைரக்டர்கிட்ட கேளுங்க, இந்தத் தடவ கடைசி டைட்டில் வரைக்கும் உக்காருங்க.

கேள்வி: படம் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு, ஷோரீலுக்கு (நடிச்ச சீன்கள தொகுத்து வாய்ப்பு கேக்க காட்டுற வீடியோ) என் சீன் மட்டும் குடுங்கன்னு டைரக்டர்கிட்ட கேட்டா ஃபெஸ்டிவல் முடியட்டும்னு இழுக்குறாரு. ஏமாத்துறாரா?

பதில்: அவசியம் ஏமாத்துறாருன்னு இல்ல தம்பி. பல விழாக்கள் ஏற்கெனவே ஆன்லைன்ல பொதுவா வெளியான படத்த எடுக்கத் தயங்கும், முதல் திரையிடல் எங்களோடதா இருக்கணும்னு கேக்குற விழாவும் இருக்கு, உங்க சீன் எங்கயாவது பரவிருச்சுன்னா படத்தோட வாய்ப்பு போயிருமோன்னு அவருக்கு பயம். போட்டியும் அப்படி, அமெரிக்காவுல நடக்குற சன்டான்ஸ் திரைப்பட விழாவுக்கு 2024ல வந்த குறும்படம் மட்டும் 12,098, எடுத்தது 53. அங்க இடம் கிடைக்காதவங்க சேந்து 1995ல ஸ்லாம்டான்ஸ்னு தனி விழாவே ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு விழாவுக்கும் அனுப்பி பதில் வர மாசக்கணக்குல ஆகும்.

அதனால இப்டி கேளுங்க, முப்பது நொடி போதும், பாஸ்வேர்ட் போட்ட லிங்க்ல தனிப்பட்ட முறையில காஸ்டிங் ஆளுங்களுக்கு மட்டும் காட்டுவேன், எங்கயும் போஸ்ட் பண்ண மாட்டேன்னு எழுத்துல குடுங்க. பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. அடுத்த படத்துக்கு ஷூட்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, சம்பளம் இருக்கோ இல்லையோ, க்ளிப் எப்ப தருவீங்கன்னு எழுதி வாங்கிடுங்க. சம்பளம் இல்லாம நடிக்கிறவங்களுக்கு அந்த க்ளிப்தான் சம்பளம், அத கேக்குறதுல கூச்சமே வேணாம்.

கேள்வி: படம் முடிஞ்சதும் கேள்வி பதில் நேரத்துல நடிகர்களையும் மேடைக்கு கூப்பிடுறாங்க. மைக் குடுத்தா கை நடுங்குது, என்ன பேசறதுன்னே தெரியலக்கா.

பதில்: எல்லாருக்கும் நன்றி சொல்லி நீட்டாத. யார் மைக்ல கேக்குறாங்களோ அவங்க முகத்த பாரு, கேள்விய முழுசா கேளு, பாதியிலயே பதில யோசிக்க ஆரம்பிக்காத, தெரியலன்னா இது டைரக்டருக்குத்தான் தெரியும்னு மைக்க குடுத்துரு.

எனக்கு மறக்காத கேள்வி மேடையில வரல, எல்லாரும் கெளம்பினப்புறம் வாசல்ல வந்துச்சு. அந்தப் படத்துல எனக்கு ஒரு போன் சீன், மூணு நிமிஷம், எதிர்முனைல அக்கா பேசுறது படம் பாக்குறவங்களுக்கு கேக்காது, நான் பேசறது மட்டும்தான், அதுவும் "ம்", "சரி", "எப்ப?" இவ்ளோதான். ஷூட்டிங்ல போன்ல யாரும் கிடையாது. நான் என்ன பண்ணேன்னா முந்தின நாள் அக்கா பேசற பக்கத்த முழுசா ஒரு நோட்டுல எழுதி, உதவி இயக்குநர்கிட்ட குடுத்து, கேமராவுக்குப் பின்னாடி நின்னு மெதுவா படிக்கச் சொன்னேன், அவர் ஒவ்வொரு டேக்லயும் வேற வேற வேகத்துல படிச்சாரு.

வாசல்ல வயசான ஒரு அம்மா என் கைய பிடிச்சு நிறுத்தினாங்க. "அந்த போன்ல, கடைசியா வைக்கிறதுக்கு முன்னாடி, உங்க அக்கா என்னம்மா சொன்னாங்க?"னு கேட்டாங்க. நான் நோட்டுல எழுதியிருந்த வரிய சொன்னேன், "அம்மா உன்னதான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க"ன்னு. அவங்க கொஞ்ச நேரம் தலைய ஆட்டிக்கிட்டே நின்னாங்க, "ஆமா, அப்டித்தான் கேட்டுச்சு"ன்னு சொல்லிட்டு படி இறங்கிப் போனாங்க.